கல்லுத் திடலின் தோப்புக்காரர்கள்

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து மைலுக்குக் காலில் ஒரு கல் தடுக்காது. காவிரி கொண்டுவந்து கொட்டிய களிமண் பூமி. கொலுசு தொலைந்தால்கூட அடுத்த உழவில்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் கொடுக்க முடிவு செய்தபோது, முப்பது சென்டையும் கல்லாகவே பார்த்துக் கொடுத்தார்கள் என்றால், அதற்கு அவர்கள் எவ்வளவு சிரமப்பட்டுத் தேடியிருக்க வேண்டும். நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

நில உச்சவரம்புச் சட்டத்தை இறுக்கிய காலம் அது. எங்கள் ஊர் மிராசுதாருக்கு எத்தனை வேலி நிலம் இருந்தது என்று அவருக்கே தெரியாது என்பார்கள். சட்டம் வந்ததும் அவர் குடும்பத்தில் திடீரென்று ஒற்றுமை குலைந்து எல்லோரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரித்துக்கொண்ட பிறகும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், முன்னைவிட அன்பாக இருந்தார்கள். கைக்குழந்தை ஒன்றுக்கு ஒன்பது ஏக்கர் வந்தது. தவழ்வதற்கு இடம் வேண்டுமல்லவா. இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் உபரி காட்டியே ஆகவேண்டும் என்று ஆனபோது, மிராசுதார் மனமுவந்து விட்டுக்கொடுத்தது கல்லுத் திடலை.

அந்தத் திடல் எப்படி வந்தது என்றால், ரொம்ப காலத்துக்கு முன்பு நன்னிலம் போகிற ரோடு போட்டபோது, கான்ட்ராக்டர் வல்லம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகச் சரளைக்கல் கொண்டுவந்து எங்கள் தெருவுக்குப் பின்னால் கொட்டி வைத்தாராம். ரோட்டுக்குப் போட்டது பாதி, போட்டதாக எழுதியது முழுசு. மீதி அங்கேயே கிடந்து, மாடு மிதித்து, மழை பரப்பி, முழங்கால் ஆழத்துக்குச் சரளை மேடாகிப் போனது. இலந்தை முள்ளும் ஓணானும் தவிர அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

அது எங்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். கூலிக்காகச் சிவப்புக் கொடி பிடித்து, போலீஸ் வேனில் இரண்டு முறை திருவாரூர் வரைக்கும் செலவில்லாமல் போய் வந்தவர். சமாதானப் பேச்சில் எதிரே உட்கார்ந்து மிராசுதாரிடம் நிலம் கேட்ட முதல் ஆள். மிராசுதாரும் சிரித்துக்கொண்டே, "செயலாளருக்கே முதல்ல குடுத்துருவோம்" என்றாராம்.

பட்டா கொடுக்க விழா எடுத்தார்கள். ஷாமியானா, மைக் செட், ரோஜாப்பூ மாலை எல்லாம் உண்டு. ஆளுங்கட்சிப் பேச்சாளர் அன்று 'க' எழுத்தை எடுத்துக்கொண்டார். கழனி, கலப்பை, கண்ணீர், கனவு, கரும்பு என்று கால் மணி நேரம் அடுக்கினார். கல் என்ற சொல்லை மட்டும் நாகரிகமாகத் தவிர்த்துவிட்டார். அப்பா பட்டாவை வாங்கியபோது போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் ஏர் பூட்டிக்கொண்டு திடலுக்குப் போனார்.

உழுபவனுக்கே நிலம் என்று ஊர் ஊராக முழங்கியவர், நிலம் கிடைத்தபின் உழாமல் இருந்தால் கொள்கை என்ன ஆவது. முதல் சாலிலேயே கொழு முனை மழுங்கியது. இரண்டாவது சாலில் கலப்பை முறிந்தது. இரவலாக வாங்கிவந்த மாடுகள் மூன்றாவது சாலைப் பற்றி யோசிக்கவே மறுத்துப் படுத்துவிட்டன. அப்பா கல்லை அள்ளி வெளியே கொட்டிவிட்டு நெல் போடப் போவதாக அறிவித்தார். ஒரு வாரம் அள்ளினார். மூலையில் ஒரு குதிர் அளவுக்குக் குவியல் சேர்ந்தது. திடல் அப்படியே இருந்தது.

நடவு வேலையிலிருந்து வந்த அம்மா, சேற்றுக் காலைக் கழுவாமல் திடலில் ஏறி நின்று பார்த்தாள்.

"எதுக்கு அள்ளுறீங்க?"

"அள்ளாம எப்படி நெல்லு போடுறது?"

"ஊரு முச்சூடும் நெல்லுதான் கெடக்கு. இதுல வேற எதையாச்சும் வைப்போம். கல்லு கெடக்கட்டும்."

அப்போது நான் திருவாரூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் என்பதால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எண்ணியிருந்த வயது. பள்ளித் தோட்டம் அமைப்பது எப்படி என்று ஒரு பாடம் உண்டு. சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, டிராயிங் நோட்டில் காம்பஸ் வைத்து வட்டம், அரைவட்டம், நடுவில் நட்சத்திரம், அதற்கு நான்கு பக்கமும் நேர்ப்பாதை என்று ஒரு திட்டம் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். வட்டத்துக்குள் ரோஜா என்றும் எழுதியிருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோலம் நல்லாருக்கு. மழை பேஞ்சா தண்ணி எந்த வழியா போவும்?"

அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை.

அடுத்த மழைக்கு அம்மா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திடலில் போய் நின்றாள். தண்ணீர் கல்லுக்கடியில் புகுந்து எந்த இடத்தில் கசிந்து வெளியே வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, அங்கங்கே ஒரு பெரிய கல்லை வைத்து அடையாளம் செய்தாள். பிறகு குட்டையிலிருந்து இடுப்பில் குடத்தோடு திடலுக்கு ஏறி, சுற்றி, இறங்கி, பத்து நாள் நடந்தாள். அவள் கால் போன தடம் தானாக வளைந்து ஒரு பாதையானது. "இதான் வழி. இதுக்கு ரெண்டு பக்கமும் குழி வெட்டு" என்றாள் அப்பாவிடம். இரண்டு வருடம் படித்து நான் போட்ட திட்டத்தில் மிஞ்சியது அந்த நோட்டு மட்டும்தான். அதிலும் பின்பக்கத்தில் அப்பா சங்கச் சந்தா எழுத ஆரம்பித்துவிட்டார்.

குழி வெட்டுவது சாதாரண வேலையாக இல்லை. கடப்பாரையால் சரளையைக் கிளப்பி ஒதுக்கி, அடியிலிருக்கும் களிமண் தட்டும்வரை போகவேண்டும். ஒரு குழிக்கு இரண்டு நாள். கோடையில் குட்டை வற்றியபோது வண்டல் வெட்டிக் கூடையில் சுமந்துவந்தோம். வண்டல், எரு, உமிச்சாம்பல் மூன்றையும் கலந்து குழியை நிரப்பி, கன்றை வைத்து, ஒதுக்கிய கல்லை மறுபடியும் மேலே பரப்பவேண்டும் என்றாள் அம்மா. அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"கஷ்டப்பட்டுக் கிளப்புன கல்ல திரும்பப் போடுறதுக்கா கிளப்புனேன்?"

"வெயிலு மண்ணுல படாம கல்லு பாத்துக்கும். களையும் வராது. நீங்க மீட்டிங்குக்குப் போயிடுவீங்க. தெனம் யாரு தண்ணி ஊத்துறது?"

பொடிக்கல் தண்டைச் சுற்றி, நடுத்தரக்கல் அதற்கு வெளியே, உள்ளங்கை அளவுக் கல் பாதை ஓரத்தில். அவ்வளவுதான் அவளுடைய அலங்காரம். ஒருநாள் வெயில் தாழ்ந்தபின் செம்பழுப்புக் கல்லையும் அதற்குள் வளைந்த பாதையையும் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. இலந்தை முள்ளை அப்பா வெட்டப் போனபோதும் தடுத்தாள். காசில்லாத வேலி, அதில் பழமும் உண்டு என்பது அவள் கணக்கு.

கன்றுகள் வந்த விதத்தை இப்போது சொன்னால் தண்டனை கிடைக்காது என்று நம்புகிறேன். கொய்யாப் பதியன் நாலு, எங்கள் விடுதி வார்டன் அம்மாள் மனமிரங்கிக் கொடுத்தது. மாதுளைக் குச்சிகள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியிலிருந்து, யாரும் மனமிரங்காமலேயே, என் தாவணி மடிப்புக்குள் வந்தன. எலுமிச்சை திருத்துறைப்பூண்டியில் இருந்த சித்தி வீட்டிலிருந்து. சீத்தாப்பழத்தைத் தின்றுவிட்டு நாங்கள் துப்பிய விதையே கன்றானது. நெல் தவிர வேறெதையும் பயிர் என்று ஒப்புக்கொள்ளாத எங்கள் தெரு, மாலை நேரங்களில் வந்து நின்று எங்களுக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனது.

இரண்டாம் வருடம் கார்த்திகையில் புயலடித்து வெள்ளம் வந்தது. வயல், தெரு, வாய்க்கால் என்ற பேதம் இல்லாமல் மூன்று வாரம் தண்ணீர் நின்றது. மிராசுதாரின் கொல்லையிலிருந்த வாழையும் பலாவும் வேர் அழுகிச் சாய்ந்தன. கல்லுத் திடலில் மட்டும் விழுகிற மழை விழுந்த வேகத்தில் கீழே வடிந்துகொண்டிருந்தது. எங்கள் கன்றுகள் இலைகூடப் பழுக்காமல் நின்றன. தெருவில் பாதிப்பேர் ஆட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு எங்கள் பாதையில்தான் வந்து ஒண்டினார்கள். ஆடுகள் இரண்டு எலுமிச்சையைக் கடித்ததைத் தவிர வேறு சேதமில்லை. ஊரிலேயே உருப்படாத நிலம்தான் ஊரிலேயே உருப்படியான நிலம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்ததில் தவறில்லை. மிராசுதாருக்கும் தெரிந்துவிட்டது.

அவருக்கு அப்போது ரைஸ் மில் போடும் யோசனை வந்திருந்தது. நெல் காயப்போடத் தண்ணீர் ஏறாத மேடு வேண்டும். மூன்றாம் வருடம் சித்திரையில் தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு போனது. சாகுபடி செய்யவேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்த நிலத்தில் இன்றுவரை சாகுபடி நடக்கவில்லை, கொடுத்தபோது கிடந்த கல் கொடுத்தபடியே கிடக்கிறது, ஆகவே பட்டாவை ரத்து செய்யவேண்டும் என்று. பொதுநலம் கருதி எழுதியவர் மிராசுதாரின் காரியக்காரர். பண்ணை நிர்வாகம் முழுவதும் அவர் கையில்.

வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். குடை, தோல்பை, வேர்வை. கல்லின் மேல் நின்று சுற்றிலும் பார்த்தார். அன்று அப்பா நாகப்பட்டினத்தில் மாநாட்டுக்குப் போயிருந்தார். நானும் அம்மாவும்தான்.

"சாகுபடி எங்கம்மா?"

"நீங்க நிக்கிறதே சாகுபடிதாங்க."

"நான் கல்லுலதானே நிக்கிறேன்."

"கல்லுதானேங்க குடுத்தீங்க."

அவர் பைலைப் பிரித்தார். "கண்டிஷன்ல சாகுபடின்னு இருக்கு."

"நெல்லுன்னு இருக்குங்களா?"

அவர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் எட்டிப் பார்த்து, "சாகுபடின்னு மட்டும்தான் சார் போட்டிருக்கு" என்றேன். படித்ததற்கு அந்த ஒரு வரி போதும் என்று அன்று தோன்றியது.

அம்மா ஒரு கொய்யாவின் அடியில் குந்தி, பொடிக்கல்லைக் கையால் ஒதுக்கினாள். "கைய வச்சுப் பாருங்க" என்றாள். அவர் தயங்கினார். மண் அழுக்கு என்பதாலா, ஒதுக்கிய கை யாருடையது என்பதாலா என்று எனக்குத் தெரியாது. கடைசியில் குனிந்து வைத்தார். சித்திரை வெயிலில், பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றாத மண், தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருக்கும் மணல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பிறகு மரங்களை எண்ணினார். கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சீத்தா. அவருடைய பதிவேட்டில் இருப்பது நஞ்சை, புஞ்சை, தரிசு. எதில் சேர்ப்பது என்று பேனாவைக் கடித்தார். கடைசியில் 'தோப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி தான் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டே எட்டுக் கொய்யாப்பழத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

மனு தள்ளுபடியானது. ஆனால் அந்த ஒரு சொல் செய்த வேலை அதைவிடப் பெரிது. தோப்பு என்றால் உச்சவரம்பில் ஏதோ சலுகை உண்டு என்று மிராசுதாரின் வக்கீல் எங்கள் பைலைப் பார்த்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தாராம். மிராசுதாருக்கு இன்னொரு இருபது ஏக்கர் விசாரணையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் தோப்பு என்று காட்டிவிட்டால் கைவிட்டுப் போகாது.

ஒருநாள் காரியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். அதுவரை வாய்க்கால் மதகைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. அங்கே நின்றுதான் என் அப்பாவை "டேய்" என்று கூப்பிடுவார். அன்று இலந்தை வேலிக்கு வெளியே நின்று, "உள்ள இருக்கீங்களா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"கொய்யாப் பதியன் கொஞ்சம் வேணும். பண்ணையில தோப்பு வைக்கிறோம்."

"நஞ்சையிலயா?"

"ஆமா."

"அங்க தண்ணி நிக்குங்க. கன்னு அழுவிடும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

அம்மா பதியன் போட்டுக் கொடுத்தாள். மனு எழுதியவனுக்கா கொடுக்கிறாய் என்று அப்பா சத்தம் போட்டார். "கன்னு என்ன பண்ணுச்சு?" என்றாள் அவள். ஐப்பசி மழையில் கன்றுகள் மஞ்சளாகி, தையில் குச்சியாக நின்றன. காரியக்காரர் மறுபடி வந்தார். இந்தமுறை அப்பா இருந்தார்.

"உங்ககிட்ட ஒரு ரெண்டு வண்டி கல்லு கெடைக்குமா? வேருக்குப் போடணும்."

இருபது வருடம் மேடையில் பேசிய அப்பா அன்று பேசியது ஒரே ஒரு வரி. "பட்டாவுல கல்லும் சேத்திதாங்க."

விசாரணை நாள் வந்தது. அதிகாரிகளோடு சங்கத்தின் சார்பில் அப்பாவும் பண்ணைத் தோப்பைப் பார்க்கப் போனார். செத்த குச்சிகளுக்குப் பக்கத்தில் பச்சைக் கிளைகளை நட்டு, கும்பகோணம் சந்தையில் வாங்கிய கொய்யாப்பழங்களைச் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். எங்கள் திடலுக்கு வந்த அதே வருவாய் ஆய்வாளர் ஒரு பழத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மரத்துல காம்பு கீழ இருக்கே" என்றார். கட்டியவன் பழத்தைத் தலைகீழாகக் கட்டியிருந்தான். மற்ற அதிகாரிகள் சிரிக்கக்கூடாது என்று வானத்தைப் பார்த்தார்கள்.

இருபது ஏக்கரும் உபரி என்று தீர்ந்தது. நல்ல நஞ்சை. யார் யாருக்குக் கொடுப்பது என்று சங்கம்தான் முதல் பட்டியல் தயாரித்துக் கொடுத்தது. பதினான்கு குடும்பம். பள்ளிக்கூட வராந்தாவில் அப்பா அதை வாசித்தபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். எங்கள் வீட்டுப் பெயர் அதில் இல்லை. யாரோ பின்னாலிருந்து, "தோப்புக்காரருக்கு எதுக்கு வயலு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா கேட்டாள். "நம்ம பேரு இல்லியா?"

"இல்ல."

"பட்டியல் எழுதுனது யாரு?"

"நான்தான்."

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஒரு சாண் நஞ்சை சொந்தமாக வேண்டும் என்று அவள் எத்தனை நடவில் குனிந்து நினைத்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எங்கள் பெயரை விட்டார். எங்கள் பெயரையும் எழுதியிருந்தால் அவரை நான் மதித்திருப்பேனா என்றும் கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் சோற்றில் குழம்பை ஊற்றும்போது, "எழுதுனது சரிதான். சொல்லிட்டு எழுதிருக்கலாம்" என்றாள். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த சம்பாவில் அம்மா வழக்கம்போல நடவுக்குப் போனாள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவருடைய வயல். அப்பாவோடு போலீஸ் வேனில் போய் வந்தவர். நடவு முடிந்து, சங்கம் நிர்ணயித்த கூலியைப் பெண்கள் கேட்டபோது, அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்று, விவசாயத்தில் இப்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை, அந்தக் கூலி கட்டுபடியாகாது என்றாராம். அம்மா சேற்றுக்காலோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விவரத்தைச் சொன்னாள்.

அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூலி பேசக் கிளம்பினார்.